ட்ருகனினாவை வதிவிடமாகவும் கொண்ட

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை அந்தப் பெயரைப் பகிரங்கமாக எழுதிவைத்து நாங்கள் பட்ட பாடு போதும். எங்கள் தெருவில் பெரியவர்களுக்கு அவர் அக்கா, பிள்ளைகளுக்கு அன்ரி. இதை வாசிக்கிறவர்களுக்கும் அது போதும்.

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் நடக்கிற விதம். கடைப்பக்கம் போகிற நடைபாதையில் நேராகத்தான் வந்துகொண்டிருப்பார். ஓரிடத்தில் சட்டென்று விலகிப் புல்லுக்குள் இறங்குவார். அரைவட்டம் போட்டு மறுபடி சீமெந்தில் ஏறுவார். அந்த இடத்தில் குழியும் இல்லை, சேறும் இல்லை. முழங்காலில் ஏதோ பிடிப்பாக்கும் என்று நினைத்து நான் ஒரு பூச்சு மருந்தின் பெயரைச் சொன்னேன். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், வாயைத் திறந்தால் மருந்துதான் வரும். அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“மரத்துக்குள்ளால எப்பிடிப் பிள்ளை போறது?” என்றார்.

முந்தி அந்த இடத்தில் ஒரு பெரிய கம் மரம், இந்த நாட்டு யூக்கலிப்டஸ், நின்றதாம். பண்ணைக்காரன் காலத்து மரம். நடைபாதை போட வந்தவர்கள், கொப்பு முறிந்து யாருடைய காரிலாவது விழுந்துவிடும் என்று பயந்து வெட்டிவிட்டார்கள். நாங்கள் அங்கே வீடு கட்டிக் குடிபோவதற்கு முன்னமே அது நடந்து முடிந்துவிட்டது. நான் அந்த மரத்தைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆனால் அக்காவோடு கதைத்துக்கொண்டு நடந்தால் நானும் விலகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கதை பாதியில் நின்றுவிடும். அப்படி விலகி விலகிப் பழகி, தனியே போகும்போதும் என் கால்கள் புல்லுக்குள் இறங்கத் தொடங்கின. என் கணவர் இதை ‘ட்ருகனினா நொண்டி’ என்று சொல்லிச் சிரிப்பார்.

ட்ருகனினா மெல்பேர்னின் மேற்கே இருக்கிறது. மரம் மட்டை குறைந்த சமவெளி, காற்றுக்கு மட்டும் பஞ்சமில்லை. ஒரு பக்கம் பெரிய பெரிய களஞ்சியக் கட்டடங்கள், மறுபக்கம் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். குடிபோன புதிதில் நான் இரண்டு முறை அடுத்த வீட்டுக் கதவில் என் சாவியைப் போட்டிருக்கிறேன். பெட்டிகளைக்கூட அவிழ்க்காத அந்த முதல் சனிக்கிழமை, மஞ்சள் வேலைச்சட்டையோடு ஒரு பெண் இடியப்பப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். பிறகு எங்களுக்கு இடத்தைக் காட்ட வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்.

இடம் காட்டுவது என்றால் கடை, பள்ளிக்கூடம், பஸ் நிற்குமிடம் என்று நாங்கள் நினைத்தோம். அக்கா காட்டியது வேறு. எங்கள் கார்க் கொட்டகையைக் காட்டி, “முந்தி இதில கங்காரு வந்து படுக்கும்” என்றார். எதிர்வீட்டுப் புல்தரையைக் காட்டி அதில் ஆளுயரத்துக்கு முட்செடி நின்றது என்றார். காணி விற்கிறவர்கள் கொடி நட்டு, மேசை போட்டு, முதன்முதலில் திறந்த கந்தோரைக் காட்டினார். அதற்குப் பிறகு, உண்மையாகவே கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைக் காட்டினார்: தெரு முடிகிற இடத்தில், சாந்து பூசாமல் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய ஒரு பழைய வேலி. ஆடு வளர்த்த காலத்து வேலி, இடிக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறதாம். அக்கா அதன் மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் ‘முந்தி’ என்று சொல்லத் தேவையில்லாத ஒரே பொருள் அதுதான், இப்போதும் இருந்தது.

அக்காவின் முக்கால்வாசி வசனங்கள் ‘முந்தி’யில்தான் தொடங்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் அங்கே வந்து எங்களைவிட மூன்று நான்கு வருடம்தான் கூடுதல். அவர் வந்தபோது தெருவில் விரல் விட்டு எண்ணக்கூடிய வீடுகள். ஆனால் நூறு வருடம் இருந்த கிழவியின் தோரணையில் சொல்லுவார். பீட்சா கொண்டுவருகிற பையன் வழி தெரியாமல் நின்றால், நாய்க்காரன் இருந்த மூலையில் திரும்பி, குளம் இருந்த பள்ளத்தைத் தாண்டிப் போ என்று ஆங்கிலத்தில் சொல்லி அனுப்புவார். நாய்க்காரன் வீட்டை விற்றுக்கொண்டு போய்விட்டான், குளத்தை மூடி ஊஞ்சல் போட்டாயிற்று. பீட்சா எங்கே போயிருக்கும் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

என் மகன் அப்போது சின்னவன். மரம் நின்ற இடத்தில் அவனைக் கைபிடித்து விலக்கினால், “பட் அன்ரி, தேர் இஸ் நோ ட்ரீ” என்பான். அக்கா கோபிக்க மாட்டார். “ஓம் ராசா, இப்ப இல்லை” என்பார், விலக்கிக்கொண்டே.

யாழ்ப்பாணத்துச் சனம் சந்தித்தால் பெயருக்கு அடுத்த கேள்வி, ஊரில் எவடம் என்பது. அக்காவிடம் அந்தக் கேள்வி எடுபடாது. “இஞ்சதான், கல்வேலிக்குப் பக்கத்தில” என்று சொல்லிவிட்டுக் கதையை மாற்றுவார். பருத்தித்துறைக்காரர் என்பதே எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். கணவர் இல்லை. ஒரே மகளைக் கனடாவுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, தனியே படகேறி வந்தவர். எங்கள் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பின்னறையை வாடகைக்கு எடுத்து, களஞ்சியப் பக்கத்தில் மரக்கறி பொதி செய்யும் இடத்தில் வேலை செய்தார்.

படகில் வந்தபடியால் அவருக்குக் கிடைத்தது தற்காலிக விசா. அது முடிய மறுபடி விண்ணப்பம், மறுபடி நேர்காணல், மறுபடி காத்திருப்பு. அந்த விசாவோடு நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. மகளுக்குப் பிள்ளை பிறந்தபோதும் தொலைபேசியில்தான் பார்த்தார். இலக்கம் காட்டாத அழைப்பு வந்தால், விசாக்காரரோ என்று, அக்கா வெட்டிக்கொண்டிருக்கிற வெங்காயத்தை வைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்து, கொண்டையைச் சரிபார்த்துவிட்டுத்தான் எடுப்பார். அநேகமாக அது மின்சாரக் கட்டணத்தைக் குறைத்துத் தருவதாகச் சொல்கிற யாராவது ஒரு விற்பனைக்காரராக இருக்கும். அவருக்கும் அக்கா மரியாதையாகப் பதில் சொல்லுவார்.

ஒருநாள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. இந்த முள்ளையும் பள்ளத்தையும் ஏன் இப்படிக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அக்கா யோசித்துத்தான் சொன்னார்.

“நாளைக்கு ஒரு ஆள் வந்து, நீ ஆர், எவ்வளவு காலமா இஞ்ச இருக்கிறாய் எண்டு கேட்டால் சொல்ல வேணுமெல்லோ பிள்ளை. பேப்பரில என்னட்டை ஒண்டும் இல்லை.”

அதற்குப் பிறகு நான் அப்படிக் கேட்டதில்லை.

குளிர்காலக் காலைகளில் நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸுக்கு நிற்போம். அந்தச் சமவெளியில் பனிமூட்டம் இறங்கினால் எதிர்ப்பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். முதலில் சுவர்கள், பிறகு கூரைகள், கடைசியில் தெருவிளக்கு. எனக்கு அது பிடிக்காது. பஸ் தெரியாதே என்ற கவலைதான் எனக்கு. அக்காவின் முகம் அப்போதுதான் மலரும். என் முழங்கையைத் தொட்டு, “இப்ப பாருங்கோ பிள்ளை, முந்தி இப்பிடித்தான்” என்பார். பார்ப்பேன். வெள்ளையைத் தவிர ஒன்றும் இருக்காது. ஈரப் புல்லின் மணமும், எங்கேயோ ஒரு பறவையும். நின்று பார்க்கப் பார்க்க, வீடுகள் இன்னும் கட்டப்படவில்லை, நாங்களும் இன்னும் வந்து சேரவில்லை என்று ஒரு மயக்கம் வரும். வெள்ளைக்குள் கம் மரத்தின் அடி கறுப்பாகத் தெரிந்தது என்றுகூட ஒருநாள் நினைத்தேன். பஸ் வந்து கதவைத் திறந்து எல்லாவற்றையும் கெடுத்தது.

இந்த நிலையில்தான் நகரசபைக்கு ஓர் ஆசை வந்தது. எங்கள் குடியிருப்பின் வரலாற்றைச் சுவரோவியமாகத் தீட்ட வேண்டுமாம். குடியிருப்புக்கு வயது பத்துக்கூட இல்லை. பால்பல் விழாத பிள்ளை சுயசரிதை எழுதப் புறப்பட்ட கதைதான் என்று நான் சிரித்தேன். சுவராகத் தெரிந்தெடுத்தது காணி விற்ற அந்தப் பழைய கந்தோரை. காணியெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு அதைத் தற்காலிகமாகச் சனசமூக அறையாக்கி, தையல் வகுப்பும் யோகாவும் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

நினைவுகளைச் சேகரிக்க ஒரு கூட்டம் வைத்தார்கள். தேநீர், பிஸ்கட், நடுவில் ஓவியர். சப்பாத்தெல்லாம் வண்ணம் தெறித்த இளம் பெண். இந்த இடத்தைப் பற்றி என்ன நினைவிருக்கிறது என்று கேட்டதும் எல்லோரும் பிஸ்கட்டைப் பார்த்தார்கள். எல்லோருமே போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் வந்தவர்கள். ஒருவர் கிரிக்கெட் மட்டை வரையலாம் என்றார். அப்போது அக்கா எழுந்தார். பாதி ஆங்கிலம், மீதித் தமிழ். தமிழுக்கு நான் மொழிபெயர்ப்பு. முந்தி, முந்தி, முந்தி. எனக்கு வாய் உளைந்தது. ஓவியர் பேனையை மேசையில் வைத்துவிட்டு அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் அந்தப் பெண் கேட்டது அக்காவின் கதையை அல்ல, முகத்தை. சுவர் நிறைய.

அக்கா பயந்துவிட்டார். அன்றைக்குப் பின்னேரம் என் குசினிக் கதிரையில் வந்து இருந்து, “இவ்வளவு பெரிசா முகத்தைப் போட்டால் விசாக்காரரின்ர கண்ணில குத்தாதோ?” என்று கேட்டார். இவள் யார் இங்கே சுவரில் நிற்பதற்கு என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிட்டால்? அவருடைய சட்டத்தரணி, ஓவியத்துக்கும் விசாவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, பயப்படாமல் நில்லுங்கள் என்றார். அக்கா சம்மதித்தார், நிபந்தனையோடு. மரம் வர வேண்டும். கல்வேலி வர வேண்டும். முந்திக்கும் முந்தி இருந்த சனம், இந்த மண்ணின் ஆதிக்குடிகள், வர வேண்டும். அது அவர்களைக் கேட்காமல் வரையக் கூடாது என்று ஓவியரே சொன்னார், கேட்டுத்தான் வரைந்தார்.

சுவரின் கீழே படத்தில் இருப்பவரைப் பற்றி ஒரு வரி, ஆங்கிலத்திலும் அவருடைய மொழியிலும். தமிழ் வரியை எழுத நகரசபை பிடித்தது ஒரு பெரியவரை. நாங்கள் அவரை வானொலி அங்கிள் என்போம். சமூக வானொலியில் சனிக்கிழமை தோறும் மரண அறிவித்தல் வாசிக்கிறவர். நல்ல குரல், நல்ல தமிழ், எழுத்துப் பிழை விடாதவர். அதனால் ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. அவர் என் வீட்டில் வைத்துத்தான் அக்காவிடம் விபரம் கேட்டார். பெயர், பிறந்த இடம், இருக்கிற இடம். அக்கா சொன்னார். அங்கிள் எழுதிக்கொண்டு போய், வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

“தங்கச்சி, ட்ருகனினாவை வதிவிடம் எண்டு போடுறதோ, தற்காலிக வதிவிடம் எண்டு போடுறதோ?”

அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“தற்காலிகம் எண்டு எழுதாதேங்கோ அங்கிள். அது என்ர விசாவில கிடக்கு. சுவரிலயும் வேண்டாம்.”

அங்கிள் தலையாட்டினார். நான் தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று கேட்டேன்.

திறப்பு விழாவுக்கு நல்ல சனம். அந்த நிலத்தின் ஆதிக்குடிகளில் ஒரு மூத்த பெண் வந்து, எல்லோரையும் தன் மண்ணுக்கு வரவேற்றுப் பேசினார். பேச்சு முடிய அக்கா நேரே அவரிடம் போனார். நான் மொழிபெயர்க்கப் பின்னால் ஓடினேன், தேவைப்படவில்லை. நான் இங்கே இருக்கிறேன், பரவாயில்லையா என்று அக்கா தன் ஆங்கிலத்தில் கேட்டார். அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்து, சுவரைப் பார்த்து, அப்படியானால் இந்த இடத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொள் என்றார். அக்கா சரி என்றார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் கேட்க வேண்டியவரிடம் கேட்டாயிற்று என்கிற நிம்மதி அன்று முழுக்க அக்காவின் முகத்தில் இருந்தது.

ஓவியம் அழகு. பனிமூட்டத்துக்குள்ளிருந்து அக்காவின் முகம் வருகிறது. பின்னால் மரம், கீழே கல்வேலி, தூரத்தில் ஓடையோரம் நெருப்பைச் சுற்றி மனிதர்கள். முகத்தைச் சுற்றி ஓவியர் தங்க நிறத்தில் வாட்டில் பூக்களை வளையமாகக் கட்டியிருந்தார். இந்த நாட்டுப் பூ, மரியாதைக்காகப் போட்டது. எங்கள் கண்ணுக்கு அது என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படத்துக்குப் பூமாலை. மாலைக்குக் கீழே வானொலி அங்கிளின் வரி: பருத்தித்துறையைப் பிறப்பிடமாகவும், ட்ருகனினாவை வதிவிடமாகவும் கொண்ட திருமதி இன்னார்.

எங்கள் மரண அறிவித்தல் எல்லாம் இப்படித்தான் தொடங்கும். ஒரு மனிதரைப் பற்றி வேறு எப்படிச் சொல்வதென்று அங்கிளுக்குத் தெரியாது. உண்மையில் எங்களில் யாருக்குத்தான் தெரியும்? எங்கள் சனத்துக்கு முழு விலாசம் கிடைப்பது செத்த பிறகுதான்.

அடுத்த நாள் மத்தியானம் நான் மருந்துக்கடையில் நிற்கிறேன், நகரின் கிழக்கே கிளென் வேவர்லியில் இருக்கிற என் மச்சாள் அழைக்கிறாள். “எப்ப எடுக்கினம்?” என்றாள். எதை என்று கேட்டேன். அவள், பிரேதத்தைத்தான், நீ அந்தத் தெருவிலேயே இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா என்று ஏசினாள். சுவரை யாரோ படமெடுத்து வைபர் குழுவில் போட்டிருக்கிறார்கள். ஒருவர் ஓம் சாந்தி என்று எழுத, அடுத்தவர் ஆழ்ந்த அனுதாபங்கள் என்று எழுத, மெல்பேர்ன் முழுக்கச் செய்தி போய்விட்டது. நகரசபையே சுவரில் படம் கீறி அஞ்சலி செலுத்தும் அளவுக்கு நல்ல மனுசி, எங்களுக்குத்தான் தெரியாமல் போய்விட்டது என்று வருத்தம் வேறு.

நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். தெரு முழுக்கக் கார். செத்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்று சனம் சோறும் கறியும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியுமாக வந்திருந்தது. எல்லோரும் வெள்ளை உடுப்பு. எனக்கு முன்னால் பொயிண்ட் குக்கிலிருந்து வந்த ஓர் இந்தியத் தமிழ்ப் பெண், பெரிய சாம்பார்ச் சட்டியோடு கதவைத் தட்டினார். வேலையால் வந்த மஞ்சள் சட்டையைக்கூடக் கழற்றாமல் அக்கா கதவைத் திறந்தார். அந்தப் பெண்ணின் பிடி நழுவியது. சட்டியை நான் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, நீங்க இருக்கீங்களா?”

“ஓம், இருக்கிறன். உள்ளுக்கு வாங்கோ.”

அக்கா ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. வந்தவர்கள் கொண்டுவந்த சோற்றை வந்தவர்களுக்கே போட்டார். போதாத கதிரைகளுக்கு என் வீட்டுக் கதிரைகளும் வந்தன. முதலில் எல்லோரும் சாவு வீட்டுக் குரலில் கதைத்தார்கள், பிறகு பருப்பு நல்லாயிருக்கிறது, யார் சமைத்தது என்று சத்தம் கூடியது. நான் அவமானத்தில் குமைந்துகொண்டிருந்தேன். உயிரோடிருக்கிற மனுசிக்கு இது நல்ல சகுனமா? அக்கா ஒவ்வொருவரிடமும் எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். கேட்டுவிட்டு, இவ்வளவு தூரம் வந்தீர்கள், வாருங்கள் இடத்தைக் காட்டுகிறேன் என்று வெளியே இறங்கினார்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். பின்னேர வெயில். முன்னால் மஞ்சள் சட்டையோடு செத்துப்போனவர் நடக்கிறார். பின்னால் வெள்ளை உடுத்த சனம் வரிசையாக, ஒருவருக்குப் பின் ஒருவர். மரம் நின்ற இடம் வந்ததும் அக்கா புல்லுக்குள் இறங்கி அரைவட்டம் போட்டார். பின்னால் வந்தவர்கள் ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. செத்த வீட்டுச் சடங்கில் முன்னால் போகிறவர் செய்வதைச் செய்வதுதானே வழக்கம். வெள்ளை வரிசை முழுவதும் மெதுவாக வளைந்து, இல்லாத மரத்தைச் சுற்றிக்கொண்டு போனது. நான் கண்ணை இமைக்கவில்லை. இமைத்தால் மரம் போய்விடும் என்று இருந்தது.

வானொலி அங்கிள் அடுத்த நாள் வந்தார். சாப்பிட்டிருக்க மாட்டார் போல. மன்னிப்புக் கேட்டார். நகரசபையோடு கதைத்துவிட்டாராம், அந்த வரியை அழித்து வேறு மாதிரி எழுதித் தரச் சம்மதம். ‘இங்கே மகிழ்ச்சியாக வாழ்ந்து வரும்’ என்று தொடங்கலாம் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. உடனே அழியுங்கள் என்று அங்கிளுக்கு முன்னால் நானே சொன்னேன். அக்கா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“அது இருக்கட்டும் பிள்ளை. நேற்று வந்த சனத்தில ஒருத்தரும் என்னட்டை விசா கேக்கேல்லை. நான் இந்த இடத்து ஆள் எண்டுதான் சோறு கொண்டு வந்தவை. அரசாங்கம் இவ்வளவு வருசமா யோசிக்கிறதை அங்கிள் ஒரு வரியில எழுதிப்போட்டார்.”

பிறகு சிரித்துக்கொண்டு, “என்னைப் போகச் சொன்னாலும் சுவரை பிளேனில ஏத்தேலாதெல்லோ” என்றார்.

அங்கிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வரி அப்படியே இருந்தது. விபரம் தெரியாத சனம் இடைக்கிடை சுவரடியில் பூ வைத்துவிட்டுப் போகும். அக்கா வேலைக்குப் போகிற வழியில் அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளுவார்.

நாங்கள் பிறகு கிளென் வேவர்லிக்கு மாறினோம். மகனின் பள்ளிக்கூடத்துக்காக, அந்த எல்லைக்குள் வீடு இருந்தால்தான் இடம் கிடைக்கும். ரயில் பாதை முடிகிற ஊர், மரங்கள் எக்கச்சக்கம், எல்லாம் உண்மையான மரங்கள். நான் அங்கே நேராக நடக்கப் பழகிக்கொண்டேன்.

அக்காவின் நிரந்தர விசா வந்தது அதற்கும் பிறகு. இலக்கம் காட்டாத அழைப்பு ஒன்றில் சட்டத்தரணி சொன்னாராம். அக்கா எனக்கு அழைத்து, “பிள்ளை, தந்திட்டினம்” என்றார். நான் அழுதேன். அவர் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

போகவே முடியாதபடி இருக்கும்வரை அக்கா அந்தத் தெருவை விட்டு அசைந்ததில்லை. திரும்பி வரலாம் என்று ஆனபிறகுதான் போக முடிந்தது. கனடாவில் மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது, மகளுக்கு உடம்பும் சரியில்லை. விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, “போயிட்டு வாறன்” என்றார். மூன்று மாதம் என்றார். மூன்று மாதம் கோடையாகி, கோடை பிள்ளையின் பள்ளிக்கூடமாகி, வருடங்கள் ஓடிவிட்டன. ஒவ்வொரு முறையும் “வாற வருசம் வாறன்” என்பார். ஸ்காபரோவில் மகளின் அடுக்குமாடிக்கு எதிரே முந்தி ஒரு பெரிய தொழிற்சாலை இருந்ததாம், பனி பெய்தால் அதன் கூரை தெரிகிறதாம். அந்தத் தெருவில் புதிதாக வருகிறவர்களை நினைத்து நான் அனுதாபப்பட்டேன்.

போன மாதம் ஒரு வேலையாக ட்ருகனினாவுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது சாமான் வாங்கப் பழைய கடைப்பக்கம் போனால், அங்கே புதுச் சந்தைக் கட்டடம் ஒன்று எழும்பி நிற்கிறது. சனசமூக அறையை இடித்துவிட்டார்கள். எப்படியும் அது தற்காலிகக் கட்டடம்தானே. ஓவியத்தைப் படமெடுத்து இணையத்தில் பத்திரமாக வைத்திருப்பதாக ஒரு பலகை சொன்னது. அக்காவின் முகம் இருந்த இடத்தில் கார்கள் வரிசையாக நின்றன, ஒரு பையன் தள்ளுவண்டிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டிருந்தான். நான் சாமான் நிறைந்த வண்டியைப் பிடித்தபடி நடுவில் நின்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு யாரை ஏசுவதென்று தெரியவில்லை.

அன்று சனிக்கிழமை, அக்கா அழைக்கிற நாள். தொலைபேசி அடித்தது. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். அவர் குரல் உடனே மாறியது.

“அப்ப சுவரடியிலயோ நிக்கிறியள்? நான் நிக்கிறனோ பிள்ளை?”

நான் கார்களின் கண்ணாடிகளைப் பார்த்தேன். வெயில் பட்டு எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தது. பார்க்கப் பார்க்க, பனிக்குள்ளிருந்து வருவதுபோல முதலில் மரம் வந்தது, பிறகு கல்வேலி, பிறகு பூவளையம்.

“நிக்கிறியள் அக்கா.”

“எழுத்து?”

“அதுவும் இருக்கு. முழுசா இருக்கு.”

அக்கா பெருமூச்சு விட்டார். வாற வருசம் கட்டாயம் வாறன் என்றார். வாங்கோ என்றேன்.

என் கார் எதிர்ப்பக்கத்தில் நின்றது. நேரே போனால் பத்து அடி. நான் வண்டியைத் திருப்பி, சுவர் முடிகிற மூலை வரை போய், வளைந்து, மறுபக்கத்தால் தள்ளிக்கொண்டு வந்தேன். வழியை மறித்துவிட்டேன் என்று பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. அடிக்கட்டும். சுவருக்குள்ளால் எப்படிப் போவது?